மூத்த வீட்டுக் குளிசையும் இளைய வீட்டு அரிசியும்

மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் புதிதாக வந்து நிற்கும் தம்பிமாரே, தங்கைமாரே, குளிசைகளைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை. நீங்கள் கையாளும் மருந்துகளில் அரைவாசி நான் படித்து முடித்த பிறகு வந்தவை. நான் சொல்லப் போவது என் சகலனைப் பற்றி. அவரைப் பற்றிச் சொல்லாமல் என் வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது. அது எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்தாலும் அதுதான் உண்மை.

சகலன் என்றால் என் மனைவியின் தங்கையை முடித்தவர். எங்கள் மாமா கல்முனையில் தன் வளவை நடுவால் பிரித்து, இரண்டு மகள்மாருக்கும் இரண்டு வீடு கட்டினார். மூத்த வீட்டுக்கு நான் மாப்பிள்ளையாகப் போனேன். சில வருடங்களுக்குப் பிறகு இளைய வீட்டுக்கு அவர் வந்தார். நடுவில் ஒரு மதில். மதிலில் ஒரு சின்னக் கதவு. அந்தக் கதவால் கறிக் கிண்ணமும் பிள்ளைகளும் போய் வருவார்கள். என் பொறாமையும் போய் வரும்.

அவர் வரும்வரை நான் மட்டும்தான் மருமகன். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்தாளர், ஓய்வூதியம் உள்ள வேலை. மாமா என்னைக் காட்டி நாலு பேரிடம் பெருமையாகக் கதைப்பார். சகலன் கட்டாரில் ஒரு பெரிய கடையில் சாமான் அடுக்கும் வேலையில் இருந்தார். ஊருக்குத் திரும்பி, பஸாரில் தேன், கருஞ்சீரக எண்ணெய், பேரீச்சம்பழம், வெளிநாட்டு ஊட்டச்சத்துப் போத்தல்கள் என்று ஒரு கடை போட்டார். பிறகு மாடி கட்டினார். ஏசி வைத்த வேன் வாங்கினார். ஹஜ்ஜுக்குப் போய்வந்து ஹாஜியார் ஆனார். இவற்றையெல்லாம் நான் மன்னித்திருப்பேன். என்னால் மன்னிக்க முடியாதது அவருடைய குரல். கடைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் பிள்ளை எப்படி, வயல் எப்படி, மூத்தவளுக்குச் சரிவந்த கலியாணம் என்னாச்சு என்று கேட்பார். கேட்டு, பதிலை நினைவிலும் வைத்திருப்பார். என்னிடம் மருந்து வாங்குகிறவர்கள் என் முகத்தையே பார்ப்பதில்லை. கம்பிக்குள்ளால் நீட்டும் கையைத்தான் பார்ப்பார்கள்.

நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்த வருடம் உங்களுக்கும் நினைவிருக்கும். அந்த வருடம் என் வாய் அதிகம் சொன்ன சொல் ‘இல்லை’. பிரஷர் குளிசை இல்லை, வெளியில் வாங்குங்கள். கொலஸ்ட்ரோல் குளிசை பாதிதான் இருக்கிறது, மிச்சத்துக்கு அடுத்த மாதம் வாருங்கள். நீண்ட வரிசையில் நின்று களைத்தவர்கள் அப்படியே பஸாருக்கு நடந்து போனார்கள். அங்கே என் சகலனின் அலுமாரி நிறைந்திருந்தது. அவர் வாயில் அதிகம் வந்த சொல் ‘இரிக்கி’. தேத்தண்ணியும் கொடுத்தார்.

அந்த அலுமாரியில்தான் நாங்கள் ‘அரிசிக் குளிசை’ என்று சொல்லும் அந்தப் போத்தல் இருந்தது. சிவப்பு நிறத்தில் தூள் நிரப்பிய கெப்சூல். ஒருவகைப் பூஞ்சையை அரிசியில் வளர்த்துப் புளிக்கவைத்து, காயவைத்து, அரைத்துச் செய்வது. கொலஸ்ட்ரோலைக் குறைக்கும், இயற்கையானது, பக்கவிளைவு இல்லை என்று போத்தலில் எழுதியிருந்தது. எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் விளம்பரம் தேவையில்லை. மாவடிப்பள்ளி வயல் வட்டையில் பிறந்து வளர்ந்தவனிடம் போய் அரிசி ஆபத்து என்று சொல்லிப் பாருங்கள். மாமாவிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அவர் ஏக்கர் கணக்கில் வயல் உள்ள, அந்தப் பக்கத்தில் பேர்போன போடியார். எண்பதைத் தொட்ட வயதிலும் வரம்பில் நடந்து தண்ணி பார்க்கிறவர். சிரித்துவிட்டு, “அரிசி மனிசனக் கொல்லுமா மகன்? அப்ப நான் எப்பவோ மவுத்தாப் போயிருக்கணுமே,” என்றார்.

எனக்கு அந்தப் போத்தலைப் பிடிக்கவில்லை. அதனால் அதைப் பற்றித் தேடிப் படித்தேன். நல்ல நோக்கத்தோடு படிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே வெறும் மாவுதான் இருக்கிறது, ஊரை ஏமாற்றுகிறார் என்று எங்காவது எழுதியிருக்காதா என்ற ஆசையோடு படித்தேன். அப்படி எழுதியிருக்கவில்லை. அது வேலை செய்யும் என்று இருந்தது. உண்மையாகவே கொலஸ்ட்ரோலைக் குறைக்கும். காரணம், அந்தப் பூஞ்சை அரிசியில் வளரும்போது உண்டாக்கும் ஒரு பொருள், நம் அலுமாரியில் இருக்கும் கொலஸ்ட்ரோல் குளிசையின் இனத்தைச் சேர்ந்த ஒரு பழைய மருந்தேதான். பெயர்தான் வேறு. நம் குளிசையும் அந்த அரிசியும் ஒரே வீட்டில் பெண் எடுத்த மாப்பிள்ளைகள்.

வித்தியாசம் என்னவென்றால், நம் குளிசையில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று அட்டையில் எழுதியிருக்கும். அந்தப் போத்தலில் எவ்வளவு இருக்கிறது என்று செய்தவனுக்கே தெரியாமல் இருக்கலாம். ஒரு போத்தலில் கொஞ்சம், இன்னொன்றில் நிறைய. சரியாகப் பக்குவம் பண்ணாததில் சிறுநீரகத்துக்குக் கூடாத ஒரு நஞ்சும் சேர்ந்திருக்கலாம். நம் குளிசைக்கு இருக்கும் பக்கவிளைவுகள் அதற்கும் உண்டு. சிலருக்குத் தசை நோகும். மிகச் சிலருக்குத் தசை உடைந்து, அந்தக் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். இரண்டையும் சேர்த்துக் குடித்தால் அந்த ஆபத்து கூடும். மருந்தென்று தெரிந்தால் கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அரிசி குடிக்கிறவனுக்கு யார் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள்?

இதை வீட்டில் சொன்னேன். மதிலுக்கு அந்தப் பக்கமும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கத்தான் சொன்னேன். என் மனைவி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

“ஒங்கட கண்ணுக்குள்ள நிக்கிறது அவர்ர வேன். குளிசையில ஏன் பழி போடுறீங்க?”

அதற்குப் பிறகு நான் வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவள் சொன்னது சரி. நான் சொன்னதும் சரி. இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கலாம் என்பதுதான் இந்தத் தொழிலின் கஷ்டம். பொறாமைக்காரன் மற்றவர்கள் பார்க்காததைக் கூர்ந்து பார்ப்பான். ஆனால் அவன் வாயால் வருவதை ஒருவரும் நம்ப மாட்டார்கள். ஆகவே கவுண்டரில் மட்டும், கொலஸ்ட்ரோல் குளிசை வாங்க வருகிற எல்லாரிடமும், வேறு மருந்து ஏதும் குடிக்கிறீர்களா என்று கேட்கத் தொடங்கினேன். எல்லாரும் இல்லை என்றார்கள். பொய் சொல்லவில்லை. அரிசி எப்படி மருந்தாகும்?

இனி மாமாவிடம் வருகிறேன். அவரை விளங்கிக்கொள்ள அவருடைய நீதத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். அறுவடை முடிந்து நெல் வந்தால் இரண்டு மகள்மாருக்கும் சமமாகப் பிரிப்பார். கடைசியில் ஒரு மூடை மிஞ்சினால் அதை அவிழ்த்துப் பாதியாக அளப்பார். மூத்தவளுக்கு ஒரு வாழைக்குலை வந்தால் அதே நாளில் இளையவளுக்கு ஒரு பலாப்பழம் போகும். மாமி மௌத்தான பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓர் அறை கட்டி அதில் இருந்தார். வாசல் எந்த வீட்டுப் பக்கமும் பார்க்காமல் தெருவைப் பார்த்திருந்தது. சாப்பாடும் அப்படித்தான். பகலைக்கு எங்கள் வீடு என்றால் ராவைக்கு அவர்கள் வீடு. ரமழானில் நோன்பு திறப்பது எங்கள் வீட்டில், அதிகாலைச் சஹர் சாப்பாடு அவர்கள் வீட்டில்.

மாமாவுக்கு கிளினிக்கில் கொலஸ்ட்ரோல் குளிசை எழுதியிருந்தார்கள். அதை வாங்கிக்கொண்டு வந்து கொடுப்பவன் நான். எங்கள் வீட்டுச் சாப்பாட்டோடு குடிப்பார். சகலனும் தன் பங்குக்கு அரிசிக் குளிசைப் போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். இங்கிலீஷ் மருந்து ஈரலைத் தின்னும் மாமா, இது நம்மட அரிசி என்று சொல்லிக் கொடுத்தாராம். மாமா அதைக் குடிக்கிறாரா என்று என் மனைவி கேட்டபோது, சே, நான் எதுக்கு அதைக் குடிக்க, மூத்த மருமகன்ட குளிசை காணும் என்று சொல்லியிருந்தார். எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இப்போது வெறுப்பு வருகிறது.

தட்டுப்பாட்டு வருடத்துக்கு அடுத்த வருட ரமழான். நாள் கணக்கில் நான் கொஞ்சம் கறாரானவன். அது நோன்பின் கடைசிப் பத்து நாளில் என்று என் மனைவி சொல்வாள். இல்லை, நடுப் பத்தில் வந்த வெள்ளிக்கிழமை. பெரும்போக வெட்டு முடிந்து நெல் காயப்போட்டுக்கொண்டிருந்த நேரம். மாமா ஒரு கிழமையாகத் தொடை நோகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பகலில் வட்டைக்குப் போகிறார், இரவில் தறாவீஹ் நின்று தொழுகிறார், எண்பது வயது, நோகாமல் என்ன செய்யும் என்று எல்லாரும் சொன்னோம். நானும் சொன்னேன். மனைவி தைலம் போட்டுத் தேய்த்துவிட்டாள்.

அன்று வெள்ளிக்கிழமை என்பதால் இரண்டு குடும்பமும் எங்கள் வீட்டில் நோன்பு திறந்தோம். சகலன் ஒரு பெரிய தட்டில் சமோசாவும் றோல்ஸும் கொண்டுவந்திருந்தார். என் மனைவி காய்ச்சிய கஞ்சியை விட்டுவிட்டுப் பிள்ளைகள் அந்தத் தட்டைத்தான் சூழ்ந்து நின்றார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் மாமாவைப் பார்க்கக் கொஞ்சம் பிந்திவிட்டது.

பாங்குக்குச் சற்று முன்னால் எல்லாரும் துஆவுக்குக் கை ஏந்தினோம். மாமாவின் கைகள் எழவில்லை. மடியிலேயே விரித்தபடி கிடந்தன. உதடுகள் மட்டும் அசைந்தன. முதலில் களைப்பு என்று நினைத்தேன். பிறகு பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தை எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோக வலது முழங்கையை இடது கையால் தாங்கித் தூக்கினார். களைத்த மனிதன் அப்படித் தூக்கமாட்டான். தோளும் தொடையும் ஒன்றாகப் பலமிழந்த மனிதன்தான் அப்படித் தூக்குவான்.

மஃரிப் தொழ எழும்பியபோது அவரால் பாயிலிருந்து எழ முடியவில்லை. சகலன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கினோம். முகம், கை, கால் கழுவி உளூச் செய்யப் பைப்படிக்கு நான் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே வைத்து, சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது என்று கேட்டேன். இந்தக் கேள்விக்கு வெட்கப்படாதீர்கள். மாமனிடம் மருமகன் கேட்கும் கேள்வி இல்லைதான்.

“பிளேன்டீ மாதிரி,” என்றார். “நோன்புதானே மகன், தண்ணி இல்ல.”

தசை உடைந்தாலும் சிறுநீர் அந்த நிறத்தில்தான் போகும். குரலை அடக்கிக்கொண்டு, சகலன் தந்த அரிசிக் குளிசையைக் குடிக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். என் முகத்தைப் பார்க்காமல் பைப்பைப் பார்த்துச் சொன்னார்.

நீங்கள் என்னுடைய இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று கொஞ்சம் யோசியுங்கள். எப்படியும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆனால் மாமா வரமாட்டார். வெறும் தசை நோவுக்கு, அதுவும் நோன்பில், போடியார் போய் வாட்டில் படுப்பாரா? வந்தாலும் அங்கே கேட்கும்போது இதே பொய்யைத்தான் சொல்லுவார். சொல்லிவிட்டு அதிகாலையில் சஹருக்கு இன்னொன்றும் விழுங்குவார். நான் உள்ளே போய், சகலன் கொடுத்த குளிசைதான் உங்களை இப்படி ஆக்கியது என்று சொன்னால், என் மனைவிக்கு வேன் ஞாபகம் வரும். மைத்துனி அழுவாள். சகலன் சத்தியம் பண்ணுவார். அந்தச் சண்டையில் ஓரிரு மணித்தியாலம் போய்விடும். மாமா இளைய மருமகனைக் காப்பாற்ற இன்னும் உறுதியாக இல்லை என்பார். அவருடைய சிறுநீரகத்துக்கு அவ்வளவு நேரம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

அப்போதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. இந்த மனிதனிடம் உண்மையை வாங்க ஒரு வழிதான் இருக்கிறது. தராசின் ஒரு தட்டை நான் கீழே அழுத்த வேண்டும். அவரால் அது சரிந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

தொழுகை முடிந்து எல்லாரும் கூடத்தில் இருந்தபோது, சகலனும் மனைவியும் மைத்துனியும் கேட்க, நான் சொன்னேன்:

“மாமா, ஒங்கட கையையும் காலையும் இப்படி ஆக்கினது நான் தந்த குளிசைதான். அது சில பேருக்குத் தசைய உடைக்கும். இண்டையோட நிப்பாட்டுவம். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். என் குளிசையும் அதைச் செய்யக்கூடியதுதான். உண்மையில் என் பாதியை மட்டும் சொன்னேன்.

சகலனின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் இத்தனை வருடம் காத்திருந்த வெளிச்சம் அது.

“அதத்தானே காக்கா நான் இவ்வளவு நாளாச் சொல்லுறன்,” என்றார், என்னை அண்ணன் முறை வைத்து. “இங்கிலீஷ் மருந்தெண்டா ஒண்டச் சுகமாக்கி இன்னொண்டக் கெடுக்கும். மாமாக்கு நான் தந்தத மட்டும் குடுத்திருந்தா—”

என் மனைவி என்னைப் பார்த்தாள். அவள் எனக்காக இரக்கப்பட்டாள் என்பது அந்த நேரத்தில் எல்லாவற்றையும் விட அதிகம் சுட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு மாமாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தட்டில் கிடந்த பேரீச்சங்கொட்டை ஒன்றை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார். சகலன் இன்னும் கதைத்தார். ஆஸ்பத்திரி மருந்து, வரிசை, தட்டுப்பாடு, எல்லாம் சொன்னார். ஒவ்வொரு சொல்லுக்கும் மாமாவின் முகம் சுருங்கியது. கடைசியில் கொட்டையைத் தட்டில் போட்டார்.

“அவன மட்டும் கதைக்காத மருமகன். ஒன்டயும்தான் குடிச்சன்.”

முதலில் வாய் திறந்தவள் மைத்துனி.

“வாப்பா, மச்சான்ட குளிசைய விட்டுட்டன் எண்டுதானே எனக்குச் சொன்ன நீங்க?”

“எனக்கு உன்ட புருஷன்ட குளிசையத் தொடவே இல்ல எண்டு சொன்னாரு,” என்றாள் என் மனைவி.

மாமா இரண்டு மகள்மாரையும் மாறி மாறிப் பார்த்தார். பிடிபட்ட மனிதனின் முகம் இல்லை அது. இதில் என்ன விளங்கவில்லை என்று கேட்கும் முகம்.

“ரெண்டு வீட்டுச் சோறும் தின்னுறன். ஒரு வீட்டு மருந்த மட்டும் குடிச்சா அது நீதமா?”

சகலன் மெதுவாகக் கேட்டார், எத்தனை குடிக்கிறீர்கள் மாமா என்று. நோன்புக்கு எண்ணெய்ச் சாப்பாடு, ரெண்டாக்குங்க என்று நீதானே சொன்னாய் என்றார் மாமா. அந்த வெளிச்சம் சகலனின் முகத்திலிருந்து இறங்குவதை நான் பார்த்தேன். பார்க்க ஆசைப்பட்ட காட்சிதான். ஆனால் பார்த்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. வீட்டில் இருக்கும் போத்தலை எடுத்துக்கொண்டு வேனைக் கொண்டுவா என்று சொன்னேன். ஓடினார். மாமாவும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று சொல்லவில்லை. இரண்டு மருமகனின் குற்றமும் சமமாகிவிட்டதால் அவருக்கு மனது லேசாகியிருக்க வேண்டும். வேனில் மாமாவை என் தோளில் சாய்த்துக்கொண்டு போனேன். அந்தப் பயத்திலும், இந்த ஏசி நல்ல ஏசிதான் என்று ஒரு நினைவு வந்து போனது.

ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் போத்தலையும் குளிசை அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நான் விளக்கத் தேவையிருக்கவில்லை. இரத்தம் எடுத்தார்கள், சேலைன் ஏற்றினார்கள். தசை உடைந்திருந்தது. சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருந்தது. இரத்தம் சுத்திகரிக்கும் மெஷினில் போட வேண்டி வரலாம், பார்ப்போம் என்றார். இரத்த ரிப்போட்டில் எண்கள் முதலில் ஏறிக்கொண்டே போயின. நான் வேலைக்கிடையில் வாட்டுக்கும் பாமசிக்குமாக நடந்தேன். சகலன் கடையைப் பூட்டிவிட்டு மாமாவின் கட்டிலருகே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். சிறுநீர்ப் போத்தலை அவரே எடுத்து அளந்து, தாதியிடம் கொடுத்தார். பார்க்க வந்த ஊர் முழுக்க அவரைத்தான் பார்த்தது. மருமகன் எண்டா இப்படி இருக்கணும் என்று ஒரு கிழவர் என்னிடமே வந்து சொன்னார். நான் ஓம், சரிதான் என்றேன்.

சிறுநீரின் நிறம் தெளியத் தொடங்கிய அன்று, சகலன் என்னைத் தேடிப் பாமசி வாசலுக்கு வந்தார். அவர் அந்த வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ஹாஜியார்க் கோலம் இல்லை. தாடி வாரவில்லை.

“காக்கா, நான் சனத்துக்கு நஞ்சா வித்தன்?”

ஓம் என்று சொல்ல என் வாய் எவ்வளவு காலம் காத்திருந்தது என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு சொல் போதும். அவர் கடையை மூடியிருப்பார். ஆனால் அது உண்மை இல்லை. தொழில் விஷயத்தில் நான் பொய் சொல்லுவதில்லை. பொறாமைக்காகக்கூட.

“இல்ல தம்பி. நீ மருந்து வித்திரிக்காய். மருந்தெண்டு தெரியாம வித்திரிக்காய்.”

அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அது வேலை செய்கிறது என்று முதலில் சொன்னேன். வேலை செய்கிற எதுவும் ஆளை வருத்தவும் கூடும் என்று பிறகு சொன்னேன். ஆஸ்பத்திரியில் கொலஸ்ட்ரோல் குளிசை குடிப்பவர், ஈரல், சிறுநீரக வருத்தம் உள்ளவர், பிள்ளை வயிற்றில் உள்ளவர், இவர்கள் தொடக்கூடாது என்றேன். சில கிருமிக்கொல்லி மருந்தோடு சேர்ந்தாலும் ஆபத்து, மற்றவர்களும் டொக்டரிடம் சொல்லிவிட்டு, இரத்தம் பார்த்துக்கொண்டுதான் குடிக்க வேண்டும் என்றேன். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பாடமாக்கினார். என் வாழ்நாளில் எந்தப் பயிற்சி மருந்தாளரும் நான் சொன்னதை அப்படிக் கேட்டதில்லை. நீங்களும் அப்படிக் கேட்கமாட்டீர்கள்.

மாமாவை மெஷினில் போட வேண்டி வரவில்லை. வீட்டுக்கு அனுப்பும் நாளில் டொக்டர், இதை நேரத்துக்குக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். நான் மருந்துச் சிட்டையைப் பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மாமா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்:

“என்ட ரெண்டு மருமகன்மாரும்தான், டொக்டர்.”

கடையைத் திறந்ததும் சகலன் என்ன செய்தார் தெரியுமா? அரிசிக் குளிசை கேட்டு வருபவரிடம், ஆஸ்பத்திரிக் குளிசை குடிக்கிறீர்களா என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் இல்லை என்றுதான் வரும் என்று மாமாவிடம் படித்துவிட்டார். “வீட்டுல வேற யாரு ஒங்களுக்கு மருந்து கொண்டந்து தாற?” என்று கேட்பார். மகளா, மருமகனா, வெளிநாட்டிலிருந்து மகனா? ஆள் பேரைக் கேட்டால் எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள். அன்பாகத் தந்தவனின் பெயரை யாரும் மறைப்பதில்லை. பிறகு என்ன தந்தார் என்று கேட்பார். இரண்டும் வருகிறது என்று கண்டால் போத்தலை விற்காமல், அங்கே போய் என் காக்காவைக் கேளுங்கள் என்று என் கவுண்டருக்கு அனுப்புவார்.

தம்பிமாரே, தங்கைமாரே, இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் கொண்டுபோவதானால் அந்தக் கேள்வியைக் கொண்டுபோங்கள். நான் என் வேலைக்காலம் முழுக்கக் கேட்ட கேள்வியை விட அது நல்ல கேள்வி. ஓய்வுபெறும்வரை நானும் அதைத்தான் கேட்டேன். அது என்னுடையது இல்லை என்று ஒவ்வொரு முறையும் எனக்குக் குத்தும். ஆனாலும் கேட்டேன்.

அதன் விளைவாக அவருடைய வியாபாரம் குறைந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? கடைக்கு வந்த லாபத்தைத் திருப்பி அனுப்புகிற வியாபாரி என்று ஊரெல்லாம் பேச்சு. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் அவரைச் சூழ்ந்து நிற்கிறார்கள். தேனும் கருஞ்சீரக எண்ணெயும் முந்தியதைவிட அதிகம் போகிறது. என் கவுண்டருக்கு வந்தவர்களும், ஹாஜியார் அனுப்பினார் என்று சொல்லித்தான் வந்தார்கள். அவர் பெயரைச் சொன்னபோது மட்டும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஓ, நீங்கதான் அவர்ர சகலனா என்று கேட்டார்கள்.

மாமா தேறி, மெலிந்து, மீண்டும் வரம்புக்குப் போகத் தொடங்கிவிட்டார். சில மாதங்கள் ஒன்றும் கொடுக்காமல் வைத்திருந்து, பிறகு டொக்டர் வேறு இனத்துக் குளிசை ஒன்று எழுதிக் கொடுத்தார். இனி ஒரு மருந்துதான், ஒரு வீட்டிலிருந்துதான் என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். மாமா தீர்ப்புச் சொன்னார். குளிசையை மூத்த மருமகன் தரட்டும், அதை விழுங்கத் தண்ணியை இளைய மருமகன் தரட்டும்.

அப்படித்தான் நடக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் மதில் கதவால் போய்க் குளிசையை அவர் உள்ளங்கையில் வைப்பேன். சகலன் தண்ணீர்க் கோப்பையோடு நிற்பார். விழுங்கியதும் மாமா இரண்டு மருமகனுக்கும் துஆக் கேட்பார். அந்தக் கைகள் இரண்டும் நெஞ்சுவரை ஒரே அளவாக எழுகின்றனவா என்று நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். எழுகின்றன, அல்ஹம்துலில்லாஹ். யாருடைய பெயரை முதலில் சொல்கிறார் என்றும் கவனிக்கிறேன்.

தண்ணீர் தந்தவருடையதைத்தான்.